சொன்னதைக் கேட்காத வாடிக்கையாளர்: வழி சொல்லுங்கள்

இன்வெர்ட்டர் சர்வீஸ் பார்க்கும் நண்பர்களுக்கு வணக்கம். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், நல்ல மனுஷர். டியூபுலர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும் என்று பேட்டரி மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். கடைப் பையன் போர் தண்ணியை ஊற்றுகிறான். மூடியைக் கழற்றினால் வாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு. அந்த உப்பு உள்ளே போனால் தகடு கெட்டு பேக்கப் குறையத்தானே செய்யும்?

"ஏப்பா, கரண்ட் போனா பத்து நிமிஷம் தாங்கல, என்ன பேட்டரி கொடுத்த?" என்று கடைக்கு வந்தவர்கள் முன்னால் சத்தம் போடுகிறார். விளக்கம் சொன்னால் காதிலேயே வாங்குவதில்லை. அவரை இழக்கவும் மனசில்லை. தண்ணி ஊற்றும் வேலையை ஏஎம்சியில் (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) நாமே எடுத்துக்கொள்ளலாமா? வருஷத்துக்கு எவ்வளவு கேட்பது நியாயம்? அப்புறம், கோபத்தில் இருப்பவரிடம் முதலில் எப்படிப் பேசுவீர்கள்?