24 பரப்புக்குப் பழைய உழவு இயந்திரம்: 135ஆ, 240ஆ?

புத்தூர் வாத்தியார்:

புத்தூரில் 10 பரப்பு தோட்டக் காணியும் வாதரவத்தைப் பக்கம் 14 பரப்பு வயலும் எனக்கு இருக்கின்றன. கூட்டினால் ஒன்றரை ஏக்கர். தோட்டம் செம்மண், பெரும்பாலும் வெங்காயம். வயல் மழையை நம்பியது, புழுதி விதைப்பு.

போன புரட்டாதியில் "நாளைக்கு வருகிறேன்" என்ற உழவுகாரர் பதினொரு நாள் கழித்து வந்தார். அவரில் பிழையில்லை, மண் நனைந்தால் ஊரில் எல்லோருக்கும் ஒரே கிழமையில்தான் உழவு வேண்டும். ஆனால் விதைப்புப் பிந்தி, கார்த்திகை வெள்ளம் வந்தபோது பயிர் கணுக்கால் உயரம்தான் நின்றது. அன்றைக்கே சொந்தமாக ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டேன். (மனைவி இன்னும் முடிவெடுக்கவில்லை.)

இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். சாவகச்சேரியில் ஒரு மசி பேர்கசன் 135, என்னைவிடப் பத்து வயதுதான் இளையது. கிளிநொச்சியில் அதே கம்பனியின் ஒரு 240, புதுப் பெயின்ட், பின்னால் இழுக்கும் பெட்டியோடு சேர்த்து. விலை 135ஐவிட நான்கு இலட்சம் கூட. தோட்ட வேலைக்கு மட்டும் ஓடியது என்கிறார் விற்பவர். நான் கணிதம் படிப்பித்தவன். இயந்திரத்தில் டீசல் ஊற்றும் இடம் மட்டும் தெரியும். எதை வாங்கலாம்?

அச்சுவேலி தம்பி:

240ஐ எடுங்கள் சேர். எங்கள் அப்பாவிடம் ஒன்று நிற்கிறது. உதிரிப்பாகம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும், திருப்பி விற்றாலும் காசு.

கைதடி மெக்கானிக்:

மாஸ்டர், இரண்டுக்கும் எஞ்சின் ஒரே குடும்பம்தான். பேர்க்கின்ஸ், மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம். ஆகவே எது புதியது என்று கேட்பதைவிட, எது என்ன வேலை செய்தது என்று கேளுங்கள். வாயால் கேட்காதீர்கள். பின்னால் பெட்டி கொழுவும் துளையைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் உழுதது. முட்டை போல நீண்டு தேய்ந்திருந்தால் காலமெல்லாம் மணலும் கல்லும் இழுத்தது. அப்படி இழுத்ததில் கிளட்சும் பிரேக்கும் பின் அச்சும் களைத்திருக்கும். பெயின்டால் அதைத் தேற்ற முடியாது.

சொல்லாமல் விடியப் போங்கள். போனவுடன் எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ எழுப்பிவிட்டார்கள். குளிரில் எழும்பாத நோய் அதில் இருக்கலாம். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பேச்சே வேண்டாம். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது.

பிறகு கலப்பையைத் தூக்கும் லிஃப்ட். கலப்பையைத் தூக்கிவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். இந்த வயது இயந்திரத்தில் அரை மணித்தியாலத்தில் மெல்ல இறங்கினால் நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு நிமிடத்தில் விழுந்தால் உள்ளே சீல் போய்விட்டது. எஞ்சின் ஓடும்போதே கலப்பை தலையாட்டினாலும் அதே கதைதான். கியரைச் சோதிக்க நமது ஊரில் ஏற்றமான பாதை கிடையாது, எனவே கலப்பையை மண்ணில் இறக்கி இழுக்கவிட்டு, கியர் தானாகக் கழன்று வருகிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. உங்கள் தோட்டத்துக்கு ஒழுங்கை எத்தனை அடி? கிளுவை வேலிக்குள் இரண்டு மூன்று பரப்புத் துண்டுகளில் நாலு சில்லு எப்படித் திரும்பும்? மூலைகள் எல்லாம் மண்வெட்டிக்குத்தான் மிஞ்சும். ஒரு லாண்ட்மாஸ்டர், அதாவது பின்னால் நடந்து பிடிக்கும் இரண்டு சில்லு உழவு இயந்திரம், போதும் மாஸ்டர். மண் நனைந்த பிறகு 14 பரப்பை இரண்டு நாளில் அதனால் முடிக்கலாம், யாருக்கும் காத்திருக்கவும் தேவையில்லை.

நீர்வேலி அக்கா:

எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். நாங்கள் வாங்கியது மூன்று கை மாறியது, பதிவில் இருந்த பெயர்க்காரர் கனடாவில். அவரிடம் கையொப்பம் வாங்க எட்டு மாதம் போனது. லீசிங் நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் இன்னும் இருந்தால் அது நீங்கும்வரை முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள். எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் துணியால் துடைத்து நீங்களே வாசித்து ஒப்பிடுங்கள்.

புத்தூர் வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவே கிளிநொச்சியில் மச்சான் வீட்டில் தங்கி, காலை ஆறரைக்குப் போய் நின்றேன். எஞ்சின் சுட்டது. துளையைப் பார்த்தேன், கணித பாடத்தில் நீள்வட்டத்துக்கு உதாரணமாகக் காட்டலாம். கலப்பையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். அதற்குள் அவர் தேநீர் கொண்டுவந்தார். நான் பாதி குடிப்பதற்குள் கலப்பை நிலத்தில். தேநீர் நன்றாக இருந்தது.

திரும்பி வந்து ஒழுங்கையை அளந்தேன். ஏழரை அடி, நடுவில் பூவரசு ஒன்று சரிந்து நிற்கிறது. 135இன் ஆசையும் அத்தோடு போய்விட்டது. உரும்பிராயில் ஒரு குபோட்டா லாண்ட்மாஸ்டர் விலைக்கு நிற்கிறதாம். ஆனால் எனக்கு வயது 63. அதன் பின்னால் என்னால் நடக்க முடியுமா?

கைதடி மெக்கானிக்:

பின்னால் சில்லு வைத்த இருக்கை பூட்டலாம், நடக்கத் தேவையில்லை. திருப்பும்போதுதான் தோள் வலிக்கும். முதல் வருடம் பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவனைப் பிடியுங்கள். உரும்பிராயில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள், உப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தால் துரு கையில் வரும். வாங்கினால் நீங்களும் வாதரவத்தைக் கிணற்று உவர் நீரை அதில் ஊற்றாதீர்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானும் வருகிறேன். வருவதாக விற்பவருக்குச் சொல்லவேண்டாம்.