சோடியம் அயன் பேட்டரி பேட்டன்ட்: ஆட்சேபத்துக்கு என்ன பதில் எழுதுவது?

மேலூர்க்காரன்:
மதுரையில் ஆய்வு மாணவன். சோடியம் அயன் பேட்டரியின் அடுக்கு ஆக்சைடு கேத்தோடு (நேர்முனை) தூளுக்கு அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பூச்சு கொடுத்து விண்ணப்பித்தோம், சென்னை பேட்டன்ட் அலுவலகத்திலிருந்து முதல் ஆய்வறிக்கை வந்துவிட்டது, லித்தியம் பேட்டரியில் இதே பூச்சு ஏற்கெனவே உண்டாம், இன்வென்டிவ் ஸ்டெப் (துறை அறிந்தவருக்கே எளிதில் தோன்றாத புதுமை) இல்லையாம். என்ன செய்யலாம் அண்ணே?

வைகைக்கரை:
தம்பி, முதலில் தேதியைப் பார்: பதில் கொடுக்க அறிக்கை தேதியிலிருந்து 6 மாதம், அவகாசம் கேட்கும் படிவம் 4 கொடுத்தால் கூடுதலாக 3 மாதம். அப்புறம் சோடியத்துக்கே உரிய சிக்கலைப் பிடித்துக்கொள். ஈரக்காற்று பட்டதும் தூளின் மேல் சோடியம் கார்பனேட் படிகிறதே, அதை உங்கள் பூச்சு எவ்வளவு தடுக்கிறது என்று பூசாத தூளோடு ஒப்பிட்டுக் காட்டு. அதுதான் உயிர்நாடி.

திருமங்கலம்:
பூச்சின் தடிமனையும் கிளெய்மில் (நீங்கள் உரிமை கோரும் பகுதியில்) கொண்டுவாருங்கள். ஆனால் முதலில் கொடுத்த விவரக்குறிப்பில் இல்லாத எண்ணை இப்போது நுழைக்கப் பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 59 விடாது.

மேலூர்க்காரன்:
2 முதல் 5 நானோமீட்டர் என்று அதிலேயே இருக்கிறது! சரி, நாளைக்கே பேட்டன்ட் ஏஜென்ட்டிடம் பேசுகிறேன்.