தெருவுக்கு ஒரு பெட்டியா, வீட்டுக்கு ஒரு மூட்டையா?

முடிச்சூர்க்காரன்:

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் கூட்டம். மொத்தம் 24 வீடு. நான் வைத்த யோசனை இதுதான்: வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு ஒரு கை மைக், நூறடி நைலான் கயிறு, லாரி டியூப் இரண்டு, பெரிய தார்ப்பாய், குளோரின் மாத்திரை, இருபது கேன் தண்ணீர் வாங்கி இரண்டாம் மாடியில் ஒரு பெட்டியில் பூட்டி வைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. ஓட்டெடுப்பில் 14-க்கு 9 என்று தோற்றேன். மீதி ஒருவர் டீ குடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. எதிர்த்தவர்களில் பாதிப் பேர் 'அவரவர் வீட்டுக்கு அவரவர் வாங்கி வைக்கட்டும்' என்றார்கள். மீதிப் பேர் 'அது அரசாங்கத்தின் வேலை' என்றார்கள்.

2015 சென்னை வெள்ளத்தில், டிசம்பர் 1 ராத்திரியில் நானும் 'அவரவர்' கட்சிதான். எங்களுக்குப் பக்கத்துத் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அப்போது எங்களுக்குத் தரைத்தள வீடு. மாத மளிகை வாங்கி நான்கு நாள்கூட ஆகவில்லை, எல்லாவற்றையும் சமையல் மேடைக்குக் கீழே அடுக்கியிருந்தோம். தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று ஈரத்துணியை உருட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அது குளியலறைத் துவாரம் வழியாகக் கொப்பளித்து வந்தது. அரிசி மூட்டை ஊறிப்போனது. பாதி காலியான கேஸ் சிலிண்டர் மிதந்துவந்து சமையலறைக் கதவை இடித்துக்கொண்டே இருந்தது. அந்த 'டங், டங்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் மூன்று நாள் ஓடியது மேல்வீட்டு அம்மா கிண்டிய ரவை உப்புமாவில்தான்.

யார் பக்கம் நியாயம், சொல்லுங்கள்.

தரைத்தளம் வேண்டாம்:

நானாக இருந்தாலும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன், சார். பொதுச் சொத்து என்றால் நம் ஊரில் யாருக்கும் சொந்தமில்லாத சொத்து. எங்கள் வேளச்சேரிக் குடியிருப்பில் ஜெனரேட்டருக்கு என்று வாங்கி வைத்த டீசல், மழை வந்த அன்று பார்த்தால் பாதிகூட இல்லை. யாரைக் கேட்டாலும் 'எனக்குத் தெரியாது'. தீயணைப்பு சிலிண்டரின் காலாவதி தேதி முடிந்து இரண்டு வருடமாகியிருந்தது.

என் வீட்டில் நான்கு பேர். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்தால் மூன்று நாளைக்கு 36 லிட்டர், அதாவது இரண்டு கேன். அவல், பொரி, பிஸ்கட், பால் பவுடர், பவர் பேங்க், டார்ச், ஒரு வாரத்து மாத்திரை. ரேஷன் கார்டும் ஆதாரும் பத்திரமும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில். எல்லாம் பரணில். அப்புறம் சில்லறை நோட்டு. வர்தா புயல் வந்தது 2016 டிசம்பர் 12, நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கரண்ட் இல்லாமல் கார்டு மெஷினும் ஓடவில்லை, ஏடிஎம்மும் ஓடவில்லை. பையில் இரண்டாயிரம் ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு மெழுகுவத்தி வாங்க முடியாமல் நின்றேன். அன்றிலிருந்து பத்தும் இருபதுமாக ஆயிரம் ரூபாய் தனியாக இருக்கிறது. இதற்கெல்லாம் சங்கம் எதற்கு, கூட்டம் எதற்கு?

வேதாரண்யத்து உப்பு:

மூன்று நாள் என்பது பட்டணத்துக் கணக்கு, அண்ணே. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் எங்கள் பக்கம் கரையேறியது. லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. பரணில் இருக்கிற இரண்டு கேன் அதில் எத்தனை நாள் வரும்? பரணே இல்லை எங்களுக்கு, ஓடு முழுக்கப் பறந்துவிட்டது. அப்போது தங்கத்தைவிட உசத்தியாக இருந்தது தார்ப்பாய்தான்.

தண்ணீருக்கு என்ன செய்தோம் தெரியுமா? குட்டி யானை என்கிற சின்ன லாரியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஒருவர் தெருத் தெருவாக வந்தார். மோட்டாரில் ஒயரை மாட்டி மேல்தொட்டி நிரம்பும்வரை ஓட்டுவார். தனி வீடாகக் கூப்பிட்டால் ஒரு விலை, தெருவாகச் சேர்ந்து கூப்பிட்டால் பாதிகூட இல்லை. தனியாகப் பேசியவர்கள் நான்காம் நாள் பணம் தீர்ந்துபோய் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

அரசாங்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புயல் வருமுன் 80,000 பேருக்கு மேல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. புயல் போனபின் உள்கிராமங்களுக்கு ஆள் வர எத்தனை நாள் ஆனது என்பது வேறு கதை.

பழைய பாக்கி:

படிக்கப் படிக்க ஆத்திரம் வருகிறது. கயிறு வாங்கு, டியூப் வாங்கு, அவல் வாங்கு. ஏரியில் பட்டா போட்டவனை மட்டும் யாரும் கேட்காதீர்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இன்று அதில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 2022-இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள், சந்தோஷம், ஆனால் போன நிலம் போனதுதான். 2015-இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்து உங்களை முக்கினார்கள். மத்தியத் தணிக்கை அறிக்கையே அது மனிதர்களால் வந்த பேரழிவு என்றது. வரி கட்டியவன் கயிறும் வாங்க வேண்டுமா? நாம் இப்படி நாமே சமாளித்துக்கொள்ளும் வரைக்கும் அவர்களுக்கு என்ன கவலை?

முடிச்சூர்க்காரன்:

ஆத்திரம் நியாயம்தான், ஆனால் ஆற்றைத் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகில். முடிச்சூர் அதற்கும் மேலே இருக்கிறது. எங்களை முக்கியது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்த தண்ணீர். மதகைத் திறந்தவரைத் திட்டினால் ஆற்றின் கீழ்ப்பக்கத்துக் கோட்டூர்புரத்துக்காரருக்கு ஆறுதல் கிடைக்கலாம், எங்கள் கால்வாய்க்கு ஒன்றும் ஆகாது.

ராத்திரிப் பணி:

நான் நர்ஸ். எல்லோரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முடிச்சூர் அண்ணா, உங்கள் 24 வீட்டில் மாடிப்படி ஏற முடியாதவர்கள் எத்தனை பேர்? டயாலிசிஸுக்குப் போகிறவர் இருக்கிறாரா? எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம் யாருக்காவது ஓடுகிறதா?

2015-இல் எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி. இன்சுலின் ஃபிரிட்ஜில், கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜே சாய்ந்து கிடக்கிறது. நான்கு வீடு தள்ளி இருந்த எனக்கு அது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே வழி பிறந்துவிட்டது: பெரிய மண்சட்டி, அதற்குள் சின்னது, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. திறந்த இன்சுலின் அதிகச் சூடு படாமல் இருந்தால் நான்கு வாரம்வரை தாங்கும், பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே போட்டிருக்கும். மருந்து இருந்தது, மணல் இருந்தது, மண்சட்டிகூட இருந்தது. பாட்டிக்குச் சர்க்கரை என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று, சம்ப்பு, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி. சாக்கடையும் வெள்ளமும் சம்ப்புக்குள் இறங்கியபின் மேலே தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். அதை மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றிவிட்டால் 24 வீட்டுக்கும் ஒரே வயிற்றுப்போக்கு. முழுக்க இறைத்து, கழுவி, குளோரின் போட்டபின்தான் ஏற்ற வேண்டும். வெள்ளத்தில் நடந்தவர்கள் எலிக் காய்ச்சலுக்கான மாத்திரையை மருத்துவ முகாமில் கேட்டு வாங்குங்கள், கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

அதனால் முதலில் பட்டியல் எடுங்கள். வாட்ஸப்பில் வேண்டாம், நோட்டில். டவர் போனால் வாட்ஸப்பும் போச்சு.

தரைத்தளம் வேண்டாம்:

மன்னிக்கணும், சிஸ்டர். என் அம்மாவுக்கு என்ன வியாதி என்பது சங்கச் செயலாளரின் நோட்டில் எதற்கு? எங்கள் செயலாளர் யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்றே கணக்கு வைத்திருக்கிறார். இதையும் கையில் கொடுத்தால் முடிந்தது கதை.

ராத்திரிப் பணி:

நீங்கள் சொல்வது சரி. வியாதிப் பெயர் வேண்டாம். வீட்டு எண், பக்கத்தில் இரண்டு கட்டம்: 'தூக்க ஆள் வேண்டும்', 'குளிரில் வைக்கும் மருந்து உண்டு'. டிக் போட்டால் போதும். இதற்கும் தயக்கமா?

தரைத்தளம் வேண்டாம்:

இதற்குத் தயக்கமில்லை. ஆனால் பணத்துக்கு உண்டு. பொதுப் பெட்டி இரண்டாவது வருடம் துருப்பிடிக்கும் என்று எழுதித் தருகிறேன்.

நெல்லைச் சீமை:

பொதுச் சொத்து வீணாகிவிடும் என்கிறவர் 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நடந்ததை மறந்துவிட்டார் போல. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போய், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. உள்ளே சுமார் 800 பேர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் ஊரைச் சுற்றியும் வெள்ளம்தான்.

அத்தனை பேருக்கு வடிக்க எந்த வீட்டுப் பரணில் சட்டி இருக்கிறது? எங்கள் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்று அண்டாவும் கரண்டியும் ஊர்ப் பொதுவில் இருக்கும். ஒரு கரண்டி குறைந்தாலும் கணக்குக் கேட்பார்கள்.

தரைத்தளம் வேண்டாம்:

அண்ணாச்சி, அது வேறு. கோயில் அண்டாவை வருடா வருடம் கொடைக்கு எடுக்கிறார்கள், புளி போட்டுத் துலக்குகிறார்கள், ஓட்டை விழுந்தால் அப்போதே தெரிந்துவிடும். பேரிடர்ப் பெட்டியை எந்தக் கொடைக்கு எடுப்பீர்கள்?

புதுவைப் படகு:

இந்தக் கேள்விக்காகவே எழுதுகிறேன். 2004 சுனாமியில் எங்கள் பக்கத்து நல்லவாடு கிராமம் தப்பியது ஒலிபெருக்கியால். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே செய்தியைப் பார்த்துவிட்டுப் போன் போட்டுச் சொல்ல, இங்கே இருந்தவர்கள் மையத்தைத் திறந்து 'கடற்கரையை விட்டு ஓடுங்கள்' என்று மைக்கில் கத்தினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் பிழைத்தது.

அந்த மைக் சுனாமிக்காக வாங்கியதில்லை. கடல் நிலவரம், மீனவர்களுக்கான அறிவிப்பு என்று அன்றாடம் பயன்பட்டது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அது வேலை செய்தது, மைக் சத்தம் கேட்டதும் சனமும் காது கொடுத்தது. பெட்டிக்குள் பூட்டி வைத்த மைக்காக இருந்தால் பேட்டரி கசிந்து செத்திருக்கும்.

வேதாரண்யத்து உப்பு:

முடிச்சூர் அண்ணே, அப்படியானால் பெட்டியை ஆயுத பூஜைக்கு வெளியே எடுங்கள். மழைக்கு முன்னால் சரியாக வருகிற பண்டிகை அதுதான். கயிறுக்கும் டார்ச்சுக்கும் பொட்டு வைத்தால் யாராவது ஒருவர் துடைத்தே ஆக வேண்டும். எங்கள் போட் என்ஜினுக்கு அன்றைக்குத்தான் முழுக் குளியல்.

பழைய பாக்கி:

ஆக, அரசாங்கம் தப்பித்தது, ஆயுத பூஜை ஜெயித்தது.

முடிச்சூர்க்காரன்:

கிண்டல் பண்ணாதீர்கள் சார், இது வேலை செய்யும் போலிருக்கிறது. மெயின் சுவிட்சையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். எங்கள் மீட்டர் பெட்டி மாடிப்படிக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் யார் போய் அணைப்பது என்று இதுவரை ஒருவரும் யோசித்ததில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிகளும் அங்கேதான், வரிசையாக.

பழைய பாக்கி:

மீட்டர் பெட்டியை மேலே ஏற்றச் சொல்லி மின்வாரியத்துக்கு மனு கொடுங்கள். கால்வாயைத் தூர்வாரச் சொல்லி கலெக்டருக்கு ஒன்று. 24 வீட்டுக் கையெழுத்தோடு. அந்த மனு போகிறது என்றால், நான் உங்கள் குடியிருப்பில் இல்லாவிட்டாலும் என் ஆயிரம் ரூபாயைத் தருகிறேன். மனு இல்லாமல் கயிறு மட்டும் என்றால் ஒரு பைசா கிடையாது.

தரைத்தளம் வேண்டாம்:

நான் மாறவில்லை, ஆனால் தொகையைக் குறைத்துப் பாருங்கள். தண்ணீர் கேனும் சாப்பாடும் அவரவர் பரணில் இருக்கட்டும். தனி வீடு வாங்கி வைக்க முடியாததை மட்டும் பொதுவில் வாங்குங்கள்: மைக், கயிறு, தார்ப்பாய், சம்ப்புக்குக் குளோரின். சாவி ஒருவரிடம் வேண்டாம், மூன்று மாடிக்கும் ஒவ்வொன்று. லாரி டியூப் வீண். ஓடுகிற தண்ணீரில் அதை நம்பி இறங்குவது தற்கொலை. பேரிடர் உதவி எண் 1070-க்குப் போன் அடித்துவிட்டு மேலே உட்கார்ந்திருப்பதுதான் புத்தி.

ராத்திரிப் பணி:

ஓடுகிற தண்ணீருக்கு இல்லை. தெருவில் இடுப்பளவு தேங்கி நிற்கும்போது நடக்க முடியாதவரைப் பலகையில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகத்தான். பிரசவ வலி வந்த பெண்ணை அப்படிக் கொண்டுவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முடிச்சூர்க்காரன்:

நேற்று மறுபடி கூட்டம் போட்டோம். வீட்டுக்கு 350 ரூபாய், 19 பேர் கை தூக்கினார்கள். மைக்கை இனிமேல் தண்ணீர் லாரி வந்தால் கூப்பிட வாட்ச்மேன் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு. அவருக்குத்தான் பெரிய சந்தோஷம், இன்று காலையிலேயே இரண்டு தடவை பேசிப் பார்த்துவிட்டார். நோட்டில் இதுவரை 17 வீடு எழுதியாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் 'தூக்க ஆள் வேண்டும்' என்று தனக்கே டிக் போட்டதை நேற்றுத்தான் பார்த்தேன். பத்து வருடமாகத் தினமும் பார்க்கிற மனிதர், முழங்கால் இவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாது. மனுவும் தயார், பழைய பாக்கி சார், உங்கள் ஆயிரத்தை அனுப்புங்கள்.

டியூப் மட்டும் 12-க்கு 12 என்று நிற்கிறது. டீ குடிக்கப் போனவர் இந்தத் தடவை வந்திருந்தார், அதுதான் வினை.

வேதாரண்யத்து உப்பு:

காசு போட்டு வாங்காதீர்கள் அண்ணே. பைபாஸில் லாரி பஞ்சர் கடையில் சொல்லி வைத்தால் பழைய டியூப் சும்மாவே தருவார்கள். காற்றடித்து ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து வாங்குங்கள், வால்வு உள்பக்கம் குத்தாத மாதிரி துணி சுற்றிவிடுங்கள்.