புதுப்பிப்பு: அந்த ஆறு-நான்கு கார்ட் புரிந்துவிட்டது

மேற்கத்திய இசைப் பாடத்தில் வந்த ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பற்றி போன மாதம் நான் கேட்டது இதுதான். சி மேஜரில் ஒரு பகுதி முடியும் இடத்தில், பேஸில், அதாவது அடிக்குரலில், ஜி; அதிலிருந்து எண்ணினால் நான்காவதாக சி, ஆறாவதாக இ (அதனால்தான் ஆறு-நான்கு என்று பெயர்). மூன்றும் சி மேஜர் கார்டின் ஸ்வரங்கள் என்பதால் ரோமன் எண் ஒன்று (முதல் ஸ்வரமான சி-யை வேராகக் கொண்ட கார்ட்) என்று குறித்தேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டு ஐந்து (ஐந்தாம் ஸ்வரமான ஜி-யை வேராகக் கொண்ட ஜி, பி, டி கார்ட்) என்று எழுதினார். ஏன் என்று குழம்பிப்போனேன்.

“ஒவ்வொரு குரலையும் தனியாகப் பாடிப் பாருங்கள்” என்று சிலர் சொன்னீர்கள். பாடினேன். ஜி அசையாமல் நிற்கிறது; சி, பி-க்கு இறங்குகிறது; இ, டி-க்கு இறங்குகிறது. அந்த சி-யில் நின்றுவிடவே முடியவில்லை, கீழே இழுக்கிறது! பேஸுக்கு மேல் வரும் நான்காம் இடைவெளியை ஏன் தீர்வு தேடும் ஒலியாக நடத்தினார்கள் என்பது அப்போதுதான் காதுக்குப் புரிந்தது. அங்கே ஆட்சி செய்வது ஐந்துதான். சி-யும் இ-யும் அதன் மேல் சாய்ந்து நிற்கும் ஸ்வரங்கள்.

ஆனால் ஒன்று என்பதும் அபத்தமில்லை. ஸ்வரங்களின் அடுக்கு மாறினாலும் கார்டின் வேர் மாறாது என்று பிரெஞ்சு இசைக் கோட்பாட்டாளர் ராமோ 1722-லேயே எழுதிவிட்டார். அந்த வழியில் இன்றும் ஒன்று என்றே குறிக்கும் பாடநூல்கள் உண்டு. எனக்கு ஐந்துதான் சரியாகப் படுகிறது. மொசார்ட்டின் கான்செர்ட்டோக்களில் இசைக்குழு இந்தக் கார்டில் நிறுத்தி, தனிக் கலைஞரிடம் கடென்சாவை, அதாவது அவர் மட்டும் தனியே வாசிக்கும் பகுதியை, ஒப்படைக்கும். கேட்பவர் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பதே அது முடிவில்லை என்பதால்தானே?

அப்புறம், அடுத்தது பேஸ் நகரும் ஆறு-நான்கு. இந்த முறை பாடிவிட்டுத்தான் பென்சிலை எடுக்கப்போகிறேன்.