பனி உறைந்த ஜான்ஸ்டன் கேன்யன் பாதையில் மூன்று வயதுக் குழந்தையை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: கால்கரிவாசி

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து கனடாவின் கால்கரிக்குக் குடிவந்த எங்களுக்கு இது இரண்டாவது குளிர்காலம். ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு பான்ஃப் தேசியப் பூங்காவில் உள்ள ஜான்ஸ்டன் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று இருக்கிறோம். கோடையில் அங்கே நடந்திருக்கிறோம். கீழ் அருவி வரை சுமார் 1.2 கிலோமீட்டர், மேல் அருவி வரை சுமார் 2.5 கிலோமீட்டர் என்பதும், பாதையின் பல பகுதிகள் ஓடைக்கு மேலே பாறைச் சுவரை ஒட்டிப் பொருத்திய நடைமேடைகள் என்பதும் தெரியும். குளிர்காலத்தில் அதே பாதை மிதிபட்டு இறுகிய பனியும் கண்ணாடிபோன்ற பனிக்கட்டியுமாக இருக்கும் என்கிறார்கள்.

மகளுக்கு, பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்கக் காலணியின் மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக் வாங்கிவிட்டோம்; மகனின் காலுக்கு அளவு கிடைக்கவில்லை. அவனை முதுகில் சுமக்கும் கேரியரில் உட்காரவைத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்பது என் கணவரின் கருத்து. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. எவ்வளவு குளிர் வரை சிறு குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்லலாம், மேல் அருவி வரை போக முடியுமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பனிமலைப்பித்தன்

உங்கள் தயக்கம் நியாயமானது. மூன்று வயதுக் குழந்தை பனிக்கட்டியில் தானாக நடந்து வழுக்கினால், உயரமோ மூன்றடி, உடம்பிலோ பஞ்சடைத்த ஸ்னோசூட், ஆகையால் பெரும்பாலும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டு எழுந்துகொள்ளும். அதே குழந்தை முதுகில் இருக்கும்போது சுமப்பவர் வழுக்கினால், ஐந்தடி உயரத்திலிருந்து ஒரு பெரியவரின் எடையோடு சேர்ந்து விழுகிறது. கால் முன்னால் பறிந்துபோய் மல்லாக்க விழுந்தால் அடியில் சிக்குவதும் குழந்தைதான். போதாக்குறைக்கு, கேரியரும் குழந்தையுமாகப் பதினைந்து கிலோவுக்கு மேல் தோளில் ஏறிவிட்டால், சாதாரணமாகச் சமாளித்துக்கொள்ளக்கூடிய சறுக்கலைக்கூடச் சமாளிக்க முடியாது.

குளிரின் கணக்கும் அப்படித்தான். சுமப்பவருக்கு வியர்க்கிறது, அவர் ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்துவிட்டுக்கொள்ளும் நேரத்தில், அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை உறைந்துகொண்டிருக்கும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு அதிகம், எனவே உடல்சூடு பெரியவர்களைவிட விரைவாக வெளியேறுகிறது. தொங்கும் கால்களில், தொடையைப் பட்டை அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டமும் குறையும். முதுகுக்குப் பின்னால் நடப்பது சுமப்பவருக்குத் தெரியாது என்பதால், கூட வரும் நீங்கள் அடிக்கடி மிட்டனை (விரல்கள் பிரியாத குளிர்கையுறை) கழற்றி விரல்களைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

மைக்ரோஸ்பைக் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் பட்டையில் கம்பிச்சுருள் மட்டும் உள்ள மலிவான வகை, மிதிபட்ட பனியில் பிடிக்கும். கெட்டியான பனிக்கட்டியில் அதை நம்பக்கூடாது. சங்கிலியில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீள எஃகுக் கூர்முனைகள் கோத்த வகைதான் இந்தப் பாதைக்கு உகந்தது. மகளுக்கு வாங்கியதை வீட்டிலேயே பூட்ஸில் மாட்டி, அவளை ஓடவும் குதிக்கவும் சொல்லிப் பாருங்கள். பட்டை தளர்ந்திருந்தால் கூர்முனை பாதத்தின் பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடும்; அந்த நிலையில் அது இல்லாததைவிட ஆபத்து.

மறுமொழி: வன்னியூர் அம்மா

எட்மண்டனில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் குளிரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வெப்பநிலை −25 பாகைக்குக் கீழே போனாலோ, விண்ட்சில் (காற்றையும் சேர்த்து உடல் உணரும் குளிர்) −28 அல்லது அதற்கும் கடுமையாக இருந்தாலோ பிள்ளைகளை உள்ளேயே வைத்திருக்கும்படி கனடியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் கூறுகிறது. வீட்டு முற்றத்தில் விளையாடும் பிள்ளை நினைத்தவுடன் உள்ளே வந்துவிடலாம், மலைப்பாதையில் அப்படி இல்லை என்பதால் நான் −15ஐத் தாண்டினால் போகமாட்டேன்.

உள்ளாடை பருத்தியில் வேண்டாம்; வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ போட்டு, அதன்மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத உடுப்பு. சால்வையைக் கழுத்தில் சுற்றிவிடாதீர்கள், எங்காவது மாட்டி இறுக்கிவிடும். தலைவழியாகப் போடும் கழுத்துக்கவசம் நல்லது. சூடாக இருக்கட்டும் என்று இரண்டு காலுறைகளைத் திணித்துச் சப்பாத்தை இறுக்குவது நம்மவர் பலர் செய்யும் காரியம். இரத்தம் ஓடாத பாதத்துக்கு எத்தனை காலுறை போட்டும் பயனில்லை. தடித்த ஒன்றே போதும், விரல்களை உள்ளே அசைக்க இடம் இருக்க வேண்டும். கன்னமோ மூக்கு நுனியோ வெளுத்துத் தெரிந்தால் தேய்க்காமல், வெறும் உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்திருங்கள். துள்ளிக்கொண்டு வந்த பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்து, கால் இடறி நடந்தால் அது களைப்பு மட்டும் என்று எண்ணாமல் உடனே திரும்பிவிட வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கடலைமிட்டாய், எள்ளுருண்டை கொண்டுபோகாதீர்கள்; அந்தக் குளிரில் கல்லாகிவிடும், பால்பல் தாங்காது. முறுக்கு எப்போதும்போல் முறுக்காகவே இருக்கும். தண்ணீர் மேற்பரப்பிலிருந்துதான் உறையும் என்பதால் போத்தலைத் தலைகீழாகப் பையில் வைத்தால் மூடி அடைத்துக்கொள்ளாது. இன்னொன்று: உங்கள் மகன் நடைமேடையின் இரும்புக் கம்பியை நக்கிப் பார்க்க ஆசைப்படுவான். எல்லாப் பிள்ளைகளும் ஆசைப்படுகிறார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள்.

கால்கரிவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. என் கணவர் இதைப் படித்துவிட்டு, தனக்கு நல்ல மைக்ரோஸ்பைக்கும் இரண்டு ஊன்றுகோல்களும் இருந்தால் சுமப்பதில் என்ன தடை என்று கேட்கிறார். மகனை நடக்கவைத்தால் கையைப் பிடித்துக்கொண்டால் போதுமா?

மறுமொழி: பனிமலைப்பித்தன்

அவர் சொல்வதில் பாதி சரி. கூர்முனையும் ஊன்றுகோலும் இருந்தால் வழுக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும், ஆனால் இரண்டு கைகளும் கோல்களுக்குப் போய்விட்ட பிறகு மகளைப் பிடிக்க அவரிடம் கை இருக்காது. மடித்துப் பையில் வைக்கக்கூடிய மெல்லிய துணிக் கேரியர் ஒன்றை, மகன் நடக்க முடியாமல் போனால் மட்டும் எடுப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கையைப் பிடிப்பது போதாது. மிட்டனைப் பிடித்தால், அவன் வழுக்கும்போது மிட்டன் உங்கள் கையோடு வந்துவிடும். மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழங்கையில் எலும்பு இடம் நழுவக்கூடும். குழந்தை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காயம் அது. மார்புக்குக் குறுக்கே கொக்கி உள்ள சிறிய முதுகுப்பை ஒன்றை அவனுக்கு மாட்டி, அதன் மேல்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள். நடைமேடையில் குழந்தை பாறைப் பக்கமும் நீங்கள் கம்பிப் பக்கமும் இருக்க வேண்டும். இறக்கத்தில் ஒரு பெரியவர் எப்போதும் அவனுக்குக் கீழ்ப்படியில் நிற்க வேண்டும். ஏறும்போது ஒன்றும் தெரியாது. சோதனை எல்லாம் திரும்பி இறங்கும்போதுதான், அதுவும் குழந்தைகள் களைத்த பிறகு.

மறுமொழி: சினூக்

முந்தைய மறுமொழிகளுடன் உடன்படுகிறேன். ஆனால் முதல் குளிர்கால நடையை ஜான்ஸ்டன் கேன்யனில் தொடங்க வேண்டுமா என்பதையே கேட்கத் தோன்றுகிறது. பான்ஃப் நகரை ஒட்டிய ஃபென்லேண்ட் பாதை 2.1 கிலோமீட்டர் சுற்று, முழுவதும் சமதளம், எங்கே அழுதாலும் கார் அருகில்தான். லூயிஸ் ஏரிக்கரைப் பாதையும் ஒரு வழிக்கு 2 கிலோமீட்டர் சமதளமே. அங்கே பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் மகனை உட்காரவைத்து இழுத்துச் செல்லவும் முடியும். ஏரியின் மறுகோடியைத் தாண்டி மட்டும் போகவேண்டாம், அதற்கு அப்பால் பனிச்சரிவு விழும் பகுதி.

கேன்யனுக்கே போவதென்றால், வானிலைச் செயலியில் அன்றைய வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் முந்தைய இரண்டு மூன்று நாள்களையும் பாருங்கள். மலையிலிருந்து இறங்கும் வெப்பக் காற்றான சினூக் வீசிப் பனி உருகி, மறுநாள் மீண்டும் உறைந்திருந்தால், வெயில் எட்டாத அந்தப் பள்ளத்தில் பாதை முழுவதும் பளிங்குத் தரையாகிவிடும். புதுப்பனி இரண்டு அங்குலம் விழுந்த மறுநாள், குளிர் கூடுதலாக இருந்தாலும், குழந்தைகளுக்கு அதைவிட எளிது. ஜனவரிக் கடைசியில் ஐந்தேகால் மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது, பள்ளத்துக்குள் அதற்கு முன்பே இருட்டும். காலை பத்து மணிக்குள் போய்விட்டால் வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்கும், கீழ் அருவியின் குகைவழியில் கூட்டமும் சேர்ந்திருக்காது. மைக்ரோஸ்பைக்கைக் காரிலிருந்து இறங்கும் இடத்திலேயே மாட்டுங்கள். வாகன நிறுத்துமிடத்திலேயே விழுந்து வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

மேல் அருவியை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். கீழ் அருவிக்குப் பிறகு ஏற்றம் கூடுகிறது, போய்வர மொத்தம் ஐந்து கிலோமீட்டர், மூன்று வயதுக் கால்களுக்கு அது அதிகம். உறைந்த அருவியில் ஏறுபவர்களைப் பார்க்க மகள் பிடிவாதம் பிடித்தால், பெற்றோரில் ஒருவர் அவளை மட்டும் அழைத்துக்கொண்டு இன்னொரு நாள் போய் வரலாம்.