ஆர்மர்ட் கோர் 6: பால்டியஸ்கிட்ட மூணு நாளா மாட்டிக்கிட்டேன், உதவுங்க

லயத்துப்பறவை:
இந்த ரோபோச் சண்டை வீடியோ கேம்ல மூணு நாளா ஒரே எடம், பால்டியஸ்ங்கிற பெரிய எதிரி ரோபோகிட்ட. கேடயத்த உடைக்கிறதுக்குள்ள ரிப்பேர் கிட் மூணும் முடிஞ்சிருது. உடைச்சாலும் கொஞ்ச நேரத்துல திரும்ப வந்திருது. யூடியூப்ல எல்லாரும் லேசா முடிக்கிறாங்க, எனக்கு மட்டும் மிசைல் மழையாக் கொட்டுது. என்ன செய்யணும்? நாளான்னைக்கு டிஸ்க்க திருப்பிக் குடுக்கணும், அவசரம்.

நானுஓயா_ரயில்:
எதுல ஆடுறீங்க, கம்பியூட்டரா பிளேஸ்டேஷனா (பிஎஸ்)? கையில என்ன ஆயுதம், தோள்ல என்ன? ரோபோவுக்கு எந்தக் கால்? ஒண்ணுமே சொல்லாம என்னன்னு சொல்றது தம்பி.

பழைய_பைலட்:
முதல் ஆட்டம் 1997ல வந்திச்சு. அப்ப இருந்து இந்தத் தொடர ஆடுறவன் சொல்றேன், ஆயுதத்துல ஒண்ணும் இல்ல, கையிலதான் இருக்கு. முதல் அத்தியாயத்துக் கடைசிப் பெரிய எதிரி (பாஸ்) அது, ஆடத் தெரியாதவங்கள வடிகட்டத்தான் வச்சிருக்காங்க. டேங்க் காலப் போட்டு ரெண்டு கையிலயும் ஷொட்கன் எடுத்து கிட்டப் போ. முடியலன்னா வேற ஆட்டம் பாரு.

குயில்வத்தை_அக்கா:
டேங்க் கால் நல்லதுதான், ஆனா கேடயத்துக்கு அது மருந்து இல்ல. பால்டியஸ் போத்திக்கிட்டு இருக்கிறது பல்ஸ்ங்கிற சக்தியால ஆன கேடயம். சாதாரண குண்டு அதுல மெதுவாத்தான் வேலை செய்யும். பல்ஸ் கன் ஒண்ணு வாங்கிப் போடுங்க தம்பி, கேடயம் பொரிப்பொரியா உதிரும். அந்தக் கன் சூடேறி நிக்கிற நேரம் மத்தக் கையால சுடுங்க. கேடயம் போன பிறகு தொடர்ந்து அடிச்சா, அடி ஏற ஏற நிரம்புற தாக்கப் பட்டை நிரம்பி பால்டியஸ் தடுமாறி நிக்கும், அந்த ரெண்டு மூணு செக்கன்ல வாளால வெட்டுனா இறங்குற உயிரே வேற. மிசைல் விரிஞ்சு வரும்போது பின்னால ஓடாதீங்க. முன்னால பாஞ்சு அடியால நுழைங்க, பாதி உங்களத் தாண்டிப் போயிரும்.

லயத்துப்பறவை:
பிஎஸ்4. தொடக்கத்துல குடுத்த ரைஃபிளும் பல்ஸ் வாளும்தான். பல்ஸ் கன் எங்க இருக்கு? செத்த பிறகு வார திரையில பாகம் மாத்தலாம், ஆனா கடையக் காணோம்.

குயில்வத்தை_அக்கா:
அதான் சங்கதி. அந்தத் திரையில கையில இருக்கிறத மட்டும்தான் மாத்தலாம். மிஷன விட்டு கராஜுக்கு வந்தாத்தான் கடை. பால்டியஸுக்கு முன்னால வார எதிரி பைலட் சுல்லாவோட திரும்ப சண்டை போட வேண்டி வரும், பரவால்ல, அவ லேசு. காசு பத்தலன்னா பழைய பாகத்த வித்திருங்க, வாங்கின விலைக்கே எடுக்கிறாங்க. ஒரு சதம் நட்டம் இல்ல.

மின்வாயன்:
எனக்கு வேற சந்தேகம். நம்ம பக்கம் அந்தி ஆனா வோல்டேஜ் எறங்கும். வெடி கூடும்போது படம் திக்குதா? ஸ்டெபிலைசர் போட்டீங்களா?

நானுஓயா_ரயில்:
பிஎஸ்4 100ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும். வோல்டேஜ் போதலன்னா அணைஞ்சிரும், பால்டியஸுக்கு பலம் கூடாது. ஃபேன்ல தூசி இருந்தா சூடாகும், அத வேணும்னா பாக்கலாம்.

மின்வாயன்:
ஸ்டெபிலைசர் இல்லாம எங்க வீட்டுல ரெண்டு டீவி போயிருக்கு அண்ணே, அதான் சொன்னேன்.

டன்சினன்_மழை:
தம்பி, ஆட்டம் தொடங்கும்போது திரை ஓரத்துல இருக்கிற வெர்ஷன் எண் என்ன? நெட் குடுத்து ஒருக்காலாவது அப்டேட் செஞ்சிருக்கீங்களா?

லயத்துப்பறவை:
நெட் குடுக்கல. எங்க தோட்டத்து லயத்து வீட்டுல ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல், போன் டேட்டா. டிஸ்க் போட்டேன், வேலை செஞ்சிச்சு.

டன்சினன்_மழை:
காரணம் கிடைச்சிருச்சு. ஆட்டம் வந்தது 2023 ஆகஸ்ட் 25. பால்டியஸ் ரொம்பக் கடுமைன்னு ஊரே சொல்ல, செப்டெம்பர்ல நெட் வழியா வந்த திருத்தத்துல (பாட்ச்) அதோட தாக்குதலத் தணிச்சாங்க. அதுலயே சில ரைஃபிள்களோட பலத்தயும் கூட்டினாங்க. நீங்க ஆடுறது டிஸ்க்ல வந்த பழைய பால்டியஸ். யூடியூப்ல நீங்க பாத்ததுல பாதி பாட்ச்சுக்குப் பிறகு எடுத்ததா இருக்கும். இரவு டேட்டா இருந்தா போன ஜன்னல்ல வச்சு ஹொட்ஸ்பொட் குடுங்க.

பழைய_பைலட்:
பாட்ச் போட்டு ஜெயிச்சா அது ஜெயிப்பே இல்ல. நான் முதல் வாரமே முடிச்சேன். கூலிப்படைக்காரன்னா குடுத்த வேலைய குடுத்த மாதிரி முடிக்கணும். குண்டு, ரிப்பேர் செலவெல்லாம் அவன் சம்பளத்துலதான் வெட்டுவாங்க. அதுதான் இந்த ஆட்டத்தோட நியாயம்.

தேயிலைத்தூள்:
அத நியாயம்னு சொல்லாதீங்க. எங்க அம்மா சம்பளத் துண்டுல பிடிச்சது போக மிச்சத்தப் பாத்து வளந்தவன் நான். கொழுந்து ஒரு கிலோ கொறைஞ்சா அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். மிஷன் முடிஞ்சு சுட்ட குண்டுக்கும் அடிபட்டதுக்கும் கழிக்கிற அந்தத் திரையப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம். நம்ம ஆடுற பைலட் 621க்கு சொந்தப் பேரே இல்ல. உடைஞ்ச ரோபோவுல கெடைச்ச வேற ஒருத்தன் லைசன்ஸ எடுத்து ரேவன்னு வேலை செய்யிறான். அவன வேலை வாங்குற வால்டர் யாரு? தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்குற கங்காணி மாதிரிதான்.

குயில்வத்தை_அக்கா:
வால்டரக் கங்காணின்னு சொல்லாதீங்க. சம்பாதிச்சா ஒப்பரேஷன் செஞ்சு சாதாரண வாழ்க்கைக்குத் திரும்பலாம்னு 621கிட்ட அவருதான் சொல்றாரு. அவர் குரல்ல அக்கறை இருக்கு.

தேயிலைத்தூள்:
கடன அடைச்சா போகலாம்னுதான் அந்தக் காலத்துல இலங்கைத் தோட்டங்கள்லயும் சொன்னாங்க அக்கா. ஆளோட கடன 'துண்டு'ங்கிற சீட்டுல எழுதி, அந்தக் கடனக் கட்டுன தோட்டத்துக்கு ஆள மாத்துனாங்க. 1921ல சட்டம் போட்டுத்தான் அத நிறுத்துனாங்க. அக்கறையான குரல்ல பேசுன கங்காணியும் இருந்திருப்பாரு.

நானுஓயா_ரயில்:
ரெண்டு பேரும் கதையோட முடிவுக்குப் போயிராதீங்க, தம்பி இன்னும் முதல் அத்தியாயம்.

பழைய_பைலட்:
ஆட்டத்த ஆட்டமா ஆடத் தெரியாதவங்களோட பேசி வேலையில்ல.

தேயிலைத்தூள்:
ஆட்டமாத்தான் ஆடுறேன். நாலு தடவை முடிச்சிட்டேன். பிடிச்சதாலதான் இவ்வளவு யோசிக்கிறேன்.

குயில்வத்தை_அக்கா:
தம்பி, என்ன ஆச்சு? இன்னொண்ணு. அரங்கச் சண்டையில கெடைக்கிற சிப்ப வச்சு அசோல்ட் ஆர்மர்ங்கிற, நம்மளச் சுத்தி வெடிக்கிற தாக்குதல எடுக்கலாம், அதுவும் கேடயத்தக் கிழிக்கும். பாதி உயிர் போனதும் பால்டியஸ் நெருப்ப வாள் மாதிரி வீசும். அப்ப தரையில நிக்காதீங்க, மேல எழும்பிருங்க.

லயத்துப்பறவை:
முடிஞ்சிச்சு அக்கா! விடிய ரெண்டு மணி. பல்ஸ் கன்தான். டிஸ்க் குடுக்கப் போறேன், எல்லாருக்கும் நன்றி.

டன்சினன்_மழை:
சந்தோசம் தம்பி. பாட்ச் ஏறிச்சா, இல்ல பழைய பால்டியஸயே அடிச்சீங்களா?

டன்சினன்_மழை:
தம்பி?