சோப் உறைக்குள் வைத்தால் எக்ஸ்எம்எல் கையொப்பம் செல்லாமல் போகிறது

வணக்கம். உபுண்டு 22.04, எக்ஸ்எம்எல்செக்1 (எக்ஸ்எம்எல் கையொப்பம், மறையாக்கத்துக்கான கருவி), எல்லாமே கட்டளை வரியில்தான். ஆவணத்தில் ஆர்எஸ்ஏ-எஸ்ஹெச்ஏ256 கையொப்பம் போட்டு உடனே சரிபார்த்தால் ஓகே. அதையே சோப் உறைக்குள் (செய்தியைச் சுற்றி வரும் எக்ஸ்எம்எல் டேக்குகள்) வைத்து, ஏஇஎஸ்-256-ல் மறையாக்கம் செய்து, திரும்பப் பிரித்தால் டைஜெஸ்ட் (கையொப்பமிட்ட பகுதியின் ஹாஷ்) பொருந்தவில்லை என்கிறது. போன வாரம் உறையைச் சேர்த்ததிலிருந்துதான் இந்தத் தொல்லை.

மறையாக்கத்தின் மேல் பழி போட முடியாது. அதை எடுத்துவிட்டு உறையை மட்டும் வைத்தாலும் இதே கதை. சாவி, சான்றிதழ் சரி. எந்தப் பகுதிக்குக் கையொப்பம் என்று சொல்லும் ரெஃபரன்ஸ், ஆவணத்தின் ஐடியைத்தான் சுட்டுகிறது, ஐடி பண்புக்கான ஆப்ஷனும் கொடுத்தாகிவிட்டது. எக்ஸ்எம்எல்லை அழகாக அடுக்கும் எக்ஸ்எம்எல்லின்ட் ஃபார்மேட் பக்கமே போகவில்லை (ஒரு இடைவெளி கூடினாலும் டைஜெஸ்ட் காலி). கெனானிகலைசேஷன்மெத்தடை (எக்ஸ்எம்எல்லை ஒரே சீரான வடிவுக்குக் கொண்டுவரும் முறை) எக்ஸ்க்ளூசிவ் (வெளி டேக்குகளிலிருந்து தேவையில்லாததை எடுக்காத வகை) ஆக்கியும் பலனில்லை. டைஜெஸ்டுக்குப் போகும் பைட்டுகளை அச்சிட்டுப் பார்த்தால், ஆவணத்தின் முதல் டேக்கில் உறையின் நேம்ஸ்பேஸ் (டேக் பெயர்கள் எந்தத் தொகுதி என்று சொல்லும் அறிவிப்பு) ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ரெஃபரன்ஸுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்ம்களிலும் (டைஜெஸ்டுக்கு முன் செய்யும் மாற்றங்கள்) எக்ஸ்க்ளூசிவ்வைத் தனியாகச் சேர்க்க வேண்டுமா?